‘விட்ச்’ என்பதற்கு நம்ம பக்கத்துச் சொல் எது?

தக்கலை வாசகி:
அலிக்ஸ் இ. ஹாரோவின் ‘தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் விட்சஸ்’ (2020) படித்து முடித்தேன். 1893-இல் அமெரிக்காவில் நியூ சேலம் என்ற ஊரில் நடக்கிறது. பிரிந்துபோன அக்கா தங்கை மூன்று பேர் மறுபடி சேர்ந்து, பெண்களுக்கு ஓட்டு கேட்கும் போராட்டத்தோடு மந்திரத்தையும் கைக்கொள்கிறார்கள். ராத்திரி அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லி வருகிறேன். “சூனியக்காரி” என்றதுமே “யாருக்கு மக்ளே செய்வினை வச்சாளுவ?” என்று முகம் சுளித்துவிட்டாள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. வேறு என்ன சொல்லலாம்?

பூதப்பாண்டி:
இசக்கி என்று சொல்லுங்கள். ஏமாற்றிக் கொல்லப்பட்டு, திரும்பி வந்து பழி தீர்த்தவள். அவளுக்கு முப்பந்தலில் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம், வில்லுப்பாட்டில் அவள் கதையை விடிய விடியப் பாடுகிறோம். அங்கே அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் 1692-இல் மந்திரக் குற்றம் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 14 பேர் பெண்கள்.

தோவாளை:
இசக்கி சரிவராது அண்ணே. செத்த பிறகுதான் அவளுக்குச் சக்தி வருகிறது. இந்த மூன்று பேரும் உயிரோடு நின்று உரிமை கேட்கிறவர்கள். அந்த நாவலில் மந்திரம் எல்லாம் குழந்தைப் பாட்டுக்குள்தானே ஒளிந்திருக்கிறது? எனக்கு உடனே ஔவை நோன்புதான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆச்சி கதவைச் சாத்துவாள், கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் உள்ளே இருக்கக்கூடாது. என் தம்பி திண்ணையில் அழுதுகொண்டிருப்பான், உள்ளே நாங்கள் பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டு கதை கேட்போம். அந்தக் கதையை வெளியே சொல்லக்கூடாது. “அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி” என்று நோன்பு மாசங்களைச் சொல்லும் ஒரு வரிதான் வெளியே தெரியும், அது கூட பாட்டு மாதிரிதான் இருக்கிறது!

நாகர்கோவில்:
ஓட்டு பற்றிச் சொல்லும்போது நம்ம ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தில் அந்த உரிமை ஏறியது 1920-இல், சென்னை மாகாணத்தில் 1921-இல், அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். அப்போது நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோம். இங்கே அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் தோளில் சீலை போடவே பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், 1859 வரைக்கும் அந்தப் போராட்டம் நடந்தது.

தக்கலை வாசகி:
எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொழுக்கட்டை வந்ததும் அம்மா சிரித்துவிட்டாள். “அப்ப நோன்புக்காரின்னு சொல்லு”. இன்றைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம்.