கலைச்சொல்: ‘இன்டராக்டிவ் ஹேண்ட்ஸ்க்ரோல்’ = விரிசுருள்?

வணக்கம்.

கையால் விரித்துப் பார்க்கும் சீனச் சுருள் ஓவியங்களை (ஹேண்ட்ஸ்க்ரோல்) தொடுதிரையில் காட்டும்போது, அதற்குத் தமிழில் ‘ஊடாடும் (இன்டராக்டிவ்) ஓவியம்’ என்ற பெயரே போதும் என்று இங்கே ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். ‘ஊடாடும்’ நல்ல சொல்தான். ஆனால் இரண்டு வேறு காட்சிகளை அது ஒன்றாக்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியின் சீன அரங்கில், பழைய சீன ஓவியர் சாங் செதுவானின் ‘சிங்மிங் திருநாளில் ஆற்றோரம்’ ஓவியத்தை நூறு மீட்டருக்கும் நீளமான திரையில் ஓடவிட்டார்கள். படகு நகரும், ஆட்கள் நடப்பார்கள், பகல் மெல்ல இரவாகும். பார்ப்பவர் கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே அது அசைவோவியம். 2015இல் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் வெளியிட்ட ‘ஹான் ஷீசாயின் இரவு விருந்து’ என்ற சுருள் ஓவியத்துக்கான செயலி அப்படியல்ல. அங்கே விரல் பட்டால்தான் ஓவியம் தன்னிடம் இருப்பதைக் காட்டும்.

சரி, இந்த இரண்டாவதற்கு என்ன பெயர்? மூலச் சுருளிலிருந்தே தொடங்கலாம். ‘ஆற்றோரம்’ ஓவியத்தின் உயரம் 24.8 செ.மீ., நீளம் 528.7 செ.மீ. சுவரில் மாட்டுவதற்காக வரைந்ததல்ல. மேசைமேல் வைத்து, இடக்கையால் விரித்துக்கொண்டே வலக்கையால் சுருட்டி, கைக்கு எட்டும் அளவு மட்டும் பார்ப்பார்கள். வளைந்த பாலத்தடியில் பாய்மரம் சாய்த்த படகோடு ஆட்கள் போராடும் இடத்தில் நின்றுவிடலாம், திரும்பிப் போகலாம். எந்த வேகத்தில் பார்ப்பது என்பது முழுக்கப் பார்ப்பவர் கையில்.

‘கிழி’ என்று ஒரு யோசனை வந்தது. சங்கப் பாடல்களில் காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறி ஊரறிய வருபவன் (மடலேறுபவன்) தலைவியின் உருவை எழுதிய துணிக்குப் பழைய பெயர், அழகுதான். ஆனால் அருங்காட்சியகப் பலகையில் ‘கிழி’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘கைவிரிசுருள்’ என்றால் யாரோ கைவிரித்துவிட்டதாகத் தொனிக்கும்.

என் பரிந்துரை ‘விரிசுருள்’. ஊறுகாய் போல வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது (‘விரிச்சுருள்’ ஆகாது). விரிந்த, விரிகின்ற, விரியும் என்று முக்காலமும் அதற்குள் உண்டு. வலப்பக்கம் பார்த்து முடித்துச் சுருட்டியது, நடுவில் கண்முன் இருப்பது, இடப்பக்கம் இனி வரப்போவது என்று சுருளிலும் அதே மூன்றுதான். திரைக்கு வந்ததை ‘மின்விரிசுருள்’ எனலாம். ‘ஸ்க்ரோல்’ செய்வதற்கு வழக்கிலுள்ள ‘உருட்டு’ அப்படியே இருக்கட்டும்.