புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோகும் பழைய ஹொண்டா சி70

என் பழைய ஹொண்டா சி70 மோட்டார்சைக்கிளைப் பற்றிப் போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: காலையில் ஒரே உதையில் ஸ்ராட் ஆகும், கால் மணித்தியாலம் ஓடினால் நின்றுவிடும், ஆறினால்தான் திரும்ப எழும்பும். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் காபரேற்றரைக் கழுவினேன். பலனில்லை. பிறகு ஒரு அண்ணா சொன்னபடி கொண்டென்சரை (தீப்பொறி மின்சுற்றிலுள்ள சிறு மின்தேக்கி) மாற்றினேன், அதுதான் சரி. பழையது சூட்டில் செயலிழந்ததால் பொயின்ற் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தன. பொயின்றையும் மாற்றி, அதன் முகங்களுக்கு இடையிலான இடைவெளியை 0.35 மில்லிமீற்றரில் வைத்தேன். இவை பிளைவீலுக்கு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) பின்னால் இருப்பதால், அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி தேவை. சுத்தியலால் தட்ட வேண்டாம். புல்லரை கிளிநொச்சியில் ஒரு கராஜில் இரவல் வாங்கினேன், செலவு மிச்சம்.

எதிர்பாராதது இதற்குப் பிறகுதான். ஏ9 வீதியில் பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளியில் திரும்பவும் நின்றது, அந்த வெயிலில்! பெற்றோல் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மூடிக்குப் பெயின்ற் அடித்தபோது காற்றுத் துளையை நானே அடைத்திருக்கிறேன்; காற்று உள்ளே போகாததால் பெற்றோல் இறங்கவில்லை. ஊசியால் குத்திவிட்டேன். இப்போது மாங்குளம் வரை நிற்காமல் போய் வருகிறது.