பாலின அறுவைக்கு முன் சான்றா, தெளிவா?

வார்டு விளக்கு
நேற்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார்: திருநங்கையோ திருநம்பியோ பாலின அறுவை சிகிச்சை கேட்டு வந்தால் மனநல மருத்துவரின் சான்று எதற்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்துவிட வேண்டியதுதானே என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 26 வருடங்களாக அறுவை வார்டில் செவிலியராக இருக்கிறேன். வந்து சேர்ந்த மறுநாளே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். “எல்லாம் தெரியும்மா” என்பார்கள். விரையை எடுத்த பிறகு சொந்த வித்தில் குழந்தை கிடையாது, வேண்டுமானால் முன்கூட்டியே விந்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். சான்றும் காத்திருப்பும் அவர்களைக் காக்கும் வேலி.

கரிசல் நங்கை
உங்களுக்கு வேலியாகத் தெரிவது எனக்குப் பூட்டிய கதவாக இருந்தது அம்மா. சான்று தர வேண்டிய டாக்டர் என்னை மூன்று முறை வரவழைத்தார். சின்ன வயதில் யாரோடு விளையாடினாய், புடவை கட்டினால் மனதுக்கு எப்படி இருக்கும், மூன்று முறையும் இதே கேள்விகள்தான். என்ன பதில் சொன்னால் கையெழுத்துக் கிடைக்கும் என்று எங்கள் திருநங்கையர் குடும்பமான ஜமாத்தில் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அப்படியே ஒப்பித்தேன். வலியைப் பற்றியும் மூத்திரம் போவதைப் பற்றியும் எனக்குப் பயம் இருந்தது. கேட்டால் “இவளுக்கு உறுதி போதாது” என்று எழுதிவிடுவாரோ என்று வாயையே திறக்கவில்லை. சான்று கிடைத்துவிட்டது, சந்தேகங்கள் எனக்குள்ளேயே இருந்தன.

இன்னொன்றையும் யோசியுங்கள். கதவு திறக்காவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தாயம்மா என்று நாங்கள் அழைக்கும் மூத்த திருநங்கை கையால் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அறுத்தெடுக்கும் சடங்கு, செய்துகொண்டு, மயக்க மருந்து இல்லாமல் பிழைத்து, 40ஆம் நாள் சடங்கு கண்டவர்கள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். பிழைக்காதவர்களைப் பற்றி அவர்கள்தான் சொல்வார்கள்.

வார்டு விளக்கு
தாயம்மாவிடம் போகச் சொல்வேனா மகளே? 2021 ஜூலையில் கொச்சியில் திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ் இறந்ததை நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகியும் சற்று நேரம் நிற்கக்கூட முடியவில்லை என்று ஊரறியப் பேசியவர். அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கரிசல் நங்கை
அவர் முறையிட்டது சிகிச்சை நடந்த விதத்தைப் பற்றி. இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வைத்திருந்தால் அது சரியாகியிருக்குமா? அறுவை செய்யும் டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், பிசகினால் மறுபடி சரிசெய்வது யார், அதன் செலவு யாருடையது? இதையெல்லாம் முன்பே கேட்கும் துணிவை அவருக்கு யாராவது கொடுத்திருக்க வேண்டும்.

சட்டப்புள்ளி
இருவருக்கும் பயன்படும் ஒரு தகவல். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே நின்ற தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கி அகற்றியிருந்தார்கள். அது சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளியிடம் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும். சான்று விஷயத்தில், டபிள்யூபாத் என்ற, திருநர் உடல்நலத்துக்கான உலக அமைப்பின் வழிகாட்டி முன்பு பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு கடிதங்கள் கேட்டது. 2022இல் வந்த எட்டாம் பதிப்பு ஒன்றே போதும் என்கிறது.

காவிரிக்கரை நம்பி
கருப்பை என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு மார்பு அறுவை மட்டும் போதும். போன இடத்தில், கருப்பையையும் சேர்த்து ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம், செலவு மிச்சம் என்றார்கள். எடுக்காமலே இருக்கலாமா என்று கேட்டதற்கு, அப்புறம் அடையாள அட்டைக்கு என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார்கள். பாலின அடையாளத்துக்கு அறுவையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று 2014லேயே உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு சொல்லியிருப்பது அன்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடாமல் ஊருக்குத் திரும்பியது என் நல்ல காலம்.

வார்டு விளக்கு
தம்பி, அது தவறு. எந்த வார்டில் நடந்தாலும் தவறுதான். ஆனால் உங்களோடு பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்திருந்தால்? நான் கேட்பது அந்த ஆளைத்தான்.

கரிசல் நங்கை
அந்த ஆள் வேண்டும் அம்மா, நூறு முறை சொல்வேன். ஆனால் அனுமதி தரும் பேனா அவர் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் யாரும் அவரிடம் உண்மை பேச மாட்டோம்.

என் கதையையே சொல்கிறேன். அதிகாலையில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது படிவம் வந்தது. நாலு பக்கமும் ஆங்கிலம். விரல் வைத்துக் காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு துணிப்பையில் டைலேட்டர்களை, அதாவது புதிதாக அமைத்த பெண்ணுறுப்புத் துவாரத்துக்குள் வைக்கும் உருளைகளைக் கொடுத்து, தினமும் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம், விட்டால் துவாரம் சுருங்கிவிடும் என்றார்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலை வேளை மட்டும், மற்றவர்கள் கடைக்குப் போன பிறகு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு செய்தேன். நாலாவது மாதம் சின்ன அளவுகூட உள்ளே போகவில்லை. துவாரம் வைக்காமல் வெளித்தோற்றத்தை மட்டும் அமைக்கும் முறை உண்டு, அதற்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அதையே கேட்டிருப்பேன். மூன்று முறை வரவழைத்த டாக்டர் ஒரு முறையாவது “உன் வீட்டில் தாழ்ப்பாள் இருக்கிறதா” என்று கேட்டிருக்கலாம்.

வார்டு விளக்கு
இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்தத் துணிப்பையை நானும் எத்தனையோ பேர் கையில் கொடுத்திருக்கிறேன், தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதில்லை.

சான்றே வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கடும் மனச்சோர்வில் இருப்பவரை, கடன்காரர் நெருக்குவதால் வருபவரை யாராவது ஒருவர் கண்டுகொள்ள வேண்டும். ஆனால் அவரும் பேசிப் புரியவைப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். சேரும் அன்றே கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி தாழ்ப்பாள். அடுத்து என்ன எழுதட்டும்?

கரிசல் நங்கை
ஹார்மோனை எழுதுங்கள் அம்மா. விரையை எடுத்த பிறகு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் எலும்பு பலம் இழக்கும் என்று எனக்குச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர். அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.