ரெக்கவரி பார்ட்டிஷனில் கை வைப்பதற்கு முன்

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அங்கே மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், தண்ணீர் ஏறுவதற்குள் பில் போடும் கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிவிட்டார். பொங்கல் நெருங்கும்போது அதை என்னிடம் கொண்டுவந்தார். முகத்தில் தூக்கமே இல்லை.

"தம்பி, இதுக்குள்ளயும் தண்ணி போயிட்டோன்னு பயமா இருக்கு. அப்டேட் ஏறவே மாட்டேங்கு."

கேபினெட்டைக் கழற்றினேன். தூசி மட்டும்தான், துளி ஈரம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் நன்றாக இருந்தது. அப்டேட் பக்கத்தில் 80070643 என்று முடியும் பிழை எண். அது 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441. விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய உதவும் ரெக்கவரி டூல் வழியாக, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைத் தாண்டிவிடும் ஓட்டையை அடைப்பதற்கான அப்டேட். அது ஏற, அந்த டூலுக்காக டிஸ்க்கில் ஒதுக்கிய தனிப் பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் வேண்டும். அண்ணாச்சியின் மெஷினில் அந்தப் பார்ட்டிஷன் கிட்டத்தட்ட நிரம்பிக் கிடந்தது. வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்து காபி குடித்தார்.

முதலில் பில் டேட்டா முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அப்புறம் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த டூலைக் கையாளும் ரீஏஜென்ட்சி கட்டளையில் இன்ஃபோ கொடுத்து, டூல் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது ரீஏஜென்ட்சி டிசேபிள். இந்த ஒரு கட்டளையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டிசேபிள் கொடுத்தால் டூல் நின்றுபோவதோடு, அதன் உயிரான வின்ஆர்இ டாட் விம் என்ற கோப்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி ஃபோல்டருக்குத் திரும்பி வந்துவிடும். மறைந்த கோப்பு என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. மறைந்தவற்றையும் காட்டும்படி வைத்து, கோப்பு அங்கே இருப்பதைப் பார்க்காமல் நான் பார்ட்டிஷனை அழிப்பதே இல்லை.

பிறகு பார்ட்டிஷன்களை மாற்றும் டிஸ்க்பார்ட் கட்டளையில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தையும் சேர்த்துப் புதிதாக உருவாக்கினேன். டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு ஜிபிடியா எம்பிஆரா என்பதைப் பொறுத்து, புதுப் பார்ட்டிஷனின் வகையைக் குறிக்கும் ஐடி மாறும். அதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் டூலைத் திரும்ப இயக்க ரீஏஜென்ட்சி எனேபிள். அப்டேட் ஒரே தடவையில் ஏறியது.

அம்பாசமுத்திரம்:

அண்ணாச்சி, நான் அந்த டிசேபிளைக் கொடுக்காமல் விட்டவன். லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி. இடம் பற்றவில்லை என்று, சி, டி மாதிரி டிரைவ் எழுத்தே இல்லாத ஒரு பார்ட்டிஷனை வேண்டாததாக நினைத்து அழித்துவிட்டேன். போன வாரத்திலிருந்து லேப்டாப் சில நாள் லேசில் ஆன் ஆவதில்லை. சரிசெய்யும் திரையும் வரவில்லை. எனேபிள் கொடுத்தால் இமேஜ், அதாவது அந்த வின்ஆர்இ கோப்பு, கிடைக்கவில்லை என்கிறது. தங்கச்சியின் காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க இதில்தான் இருக்கிறது.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

தம்பி, முதலில் ப்ராஜெக்ட்டை பென்டிரைவில் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் விண்டோஸ் பதிப்புக்குரிய ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்பை இறக்குங்கள். அதில் சோர்சஸ் ஃபோல்டரில் இன்ஸ்டால் டாட் விம் இருக்கும். செவன்-ஜிப் மென்பொருளில் திறந்தால் உள்ளே அதே சிஸ்டம்32, ரெக்கவரி வழியில் வின்ஆர்இ கோப்பு கிடைக்கும். அதை உங்கள் சி டிரைவில் அதே இடத்தில் வைத்து எனேபிள் கொடுங்கள். தனிப் பார்ட்டிஷன் இல்லாவிட்டாலும் சி டிரைவிலேயே அமர்ந்துகொள்ளும். ஆனால் சி-யில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அது நடக்காது; தனிப் பார்ட்டிஷன் உருவாக்கித்தான் ஆக வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயையும் இன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.

அம்பாசமுத்திரம்:

பிட்லாக்கர் இல்லை அண்ணாச்சி. ராத்திரியே ப்ராஜெக்ட்டை நகல் எடுத்துவிட்டு, கோப்பை வைத்தேன். இன்ஃபோ கொடுத்தால் இப்போது எனேபிள்ட் என்று வருகிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட் வந்து நின்றது. தங்கச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.