எஞ்சின் வேலை முடித்தும் ஆயில் குடிக்கிறது, தட்டல் சத்தமும் வருகிறது: எங்கே தேடுவது?

அப்பா ஓட்டிய பழைய கார், நான்கு சிலிண்டர் பெட்ரோல். சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு) 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு 1,200 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆனால் 400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை குப்பென்று வருகிறது. இதை வைத்து வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்), அதன் ஆயில் சீல் மேல்தான் என் சந்தேகம். கைடுகளை அப்போது மாற்றவில்லை. ஆனால் மூன்றாவது பிளக்கைக் கழற்றினால் அது மட்டும் ஈரக் கருப்பாக, விரலில் ஒட்டுகிறது. மற்ற மூன்றும் நல்ல பழுப்பு நிறம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) நான்கிலும் 145 முதல் 150 பிஎஸ்ஐ. ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரில் ஆயிலை வழிக்கும் பிஸ்டன் ரிங்) கெட்டிருந்தாலும் கம்ப்ரஷன் சரியாகவே காட்டலாம் என்பதால் நிம்மதி வரவில்லை.

சத்தம் வேறு. குளிர்ந்த எஞ்சினில் மந்தமான தட்டல், சூடானதும் பாதியாகிறது. மூன்றாவது பிளக் ஒயரை எடுத்தால் இன்னும் குறைகிறது. டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்றால் அப்படிக் குறையாதே? சூட்டில் ஆயில் பிரஷர் 45 பிஎஸ்ஐ நிற்கிறது, அதனால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) சத்தத்தைவிட, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் தட்டல் என்றுதான் தோன்றுகிறது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயைச் சுத்தம் செய்துவிட்டேன், மாற்றம் இல்லை.

ஹெட்டை இறக்கும் முன் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது) பார்த்தால் ஏதாவது தெளிவாகுமா? அல்லது நேராக மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்து ரிங் இடைவெளியையும் போரையும் அளப்பதா? இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்கப்போவதில்லை.