தினமும் பள்ளிக்குத் தாமதம், இப்போது காலையில் வயிற்றுவலி வேறு. என்ன செய்வது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு அம்மா

என் மகனுக்கு 8 வயது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது மணி அடித்த பிறகுதான் உள்ளே போகிறான். காலையில் ஒரே ஓட்டம், ஒரு சாக்ஸ் கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது, டைரியில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஷூ போடும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வரும், நான் கத்த, அவன் அழ, அழுத முகத்தோடு போய் இறங்குவான். போதாததற்கு இந்த மாதம் மூன்று நாள் வயிறு வலிக்கிறது என்று லீவு. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பத்து மணியானால் வலியும் இல்லை. நடிக்கிறானா? வருடம் முழுக்க லீவு போடாமல் போனால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: வகுப்பறை டீச்சர்

தினமும் 10 நிமிடம் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 நாளுக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல். ஆனால் எனக்கு அந்தக் கணக்கைவிடப் பெரிய கவலை வேறு. இன்று என்ன செய்யப்போகிறோம், யார் யாரோடு உட்கார வேண்டும், எந்த நோட்டை எடுக்க வேண்டும், இதெல்லாம் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் சொல்வேன். பிந்தி வருகிற குழந்தை அது தெரியாமல் நாள் முழுக்கப் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். என் வகுப்பில் ஒரு சிறுமி கதவருகே வந்து, பையின் வாரைப் பல்லால் கடித்தபடி, நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். எல்லாரும் பார்க்க உள்ளே நடந்து வருவது அவளுக்கு அவ்வளவு கஷ்டம். "ஏன் லேட்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன். இந்தக் கூச்சம் முற்றினால், லேட்டாகப் போவதற்குப் போகாமலே இருக்கலாம் என்று தோன்றிவிடும். அதனால் வகுப்பு டீச்சரை நேரில் பார்த்துப் பேசுங்கள் அம்மா, தயங்காதீர்கள்.

பதில்: இரண்டு பிள்ளைகளின் அப்பா

காலை அவசரத்தை முந்தின இரவே சரிசெய்தாக வேண்டும். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் ஒன்பதரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னால் படுக்க வைத்தால் தூக்கம் வராது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக நகர்த்துங்கள். பை, டைரி எல்லாம் இரவே தயார், சாக்ஸை ஷூவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அதையும் அவனே செய்யட்டும்.

பதில்: இதே வழியில் வந்தவள்

நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பயம் வந்தால் குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். காலண்டரில் எந்தெந்த நாள் வலித்தது என்று குறித்துப் பாருங்கள். என் மகளுக்குச் செவ்வாயும் வியாழனும்தான் வலிக்கும், அன்றுதான் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டிய வகுப்பு. காய்ச்சல், வாந்தி என்றால் வீட்டில்தான் இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மற்றபடி வீட்டில் நிறுத்துகிற நாளில் டிவியும் போனும் வேண்டாம், அமைதியாக ஓய்வெடுக்கட்டும்.

சைக்கிள் வேண்டாம் என்பேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் சைக்கிளும் போயிற்று, அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்றாகிவிடும். கலிபோர்னியாவில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை 15,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஒரு ஆய்வில், லீவே போடாததற்காக எதிர்பாராமல் விருது வாங்கியவர்கள், அதே போல லீவு போடாமல் வந்தும் விருது வாங்காதவர்களைவிட, அதன் பிறகு அதிகமாக லீவு போட்டிருந்தார்கள். அதைவிட, நேரத்துக்குப் போன அன்று மாலையே "இன்று மணி அடிக்கும் முன்பே போய்விட்டாயே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: மூன்றாம் வகுப்பு அம்மா

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மூன்றுமே புதன்கிழமை. புதன்தான் விளையாட்டு வகுப்பு. விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "என்னை யாருமே டீம்ல எடுக்கறதில்லம்மா, கடைசில நான் மட்டும் நிக்கறேன்" என்றான். இத்தனை நாள் நான் அவனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். நாளை டீச்சரைப் பார்க்கப் போகிறேன், சாக்ஸ் இப்போதே ஷூவுக்குள் இருக்கிறது.