முதல் சந்திப்புக்கு முன்னாடி விவரம் கேட்டா அது அவமானமா?

வைகைக்கரை:
வயசு 27, சென்னையில வேலை. டேட்டிங் ஆப்ல பழக்கமான ஒருத்தரோட ரெண்டரை மாசமா பேசிட்டிருக்கேன். இந்த ஞாயிறு முதல்முறையா நேர்ல பார்க்கிறதா பேச்சு. கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போலாம்ங்கிறார். அதுக்கு முன்னாடி ஒரு வீடியோ கால் பேசலாமா, முழுப் பேர் என்ன, எங்க வேலைன்னு கேட்டேன். "இவ்வளவு நாள் பேசியும் நம்பிக்கை வரலையா?"ன்னார். அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நான் கேட்டது தப்பா?

செங்காந்தள்:
தப்பே இல்லம்மா. அவர் ப்ரொஃபைல்ல நீல டிக் இருந்தா அதையும் நம்பிடாதே. பெரும்பாலும் செல்ஃபியும் போட்டோவும் ஒரே முகமான்னுதான் அது பார்க்கும். கல்யாணம் ஆனவரா, சொன்ன இடத்துலதான் வேலை பார்க்கிறாரான்னு அதுக்குத் தெரியாது. பம்பிள்ங்கிற டேட்டிங் ஆப் 2014-ல வந்தப்ப பொண்ணுதான் முதல் மெசேஜ் அனுப்பணும்னு விதி வச்சாங்க, 2024-ல அவங்களே அதைத் தளர்த்திட்டாங்க. யார் முதல்ல 'ஹாய்' சொல்றாங்கங்கிறதுல நம்ம பாதுகாப்பு இல்ல.

அந்தக் கார் விஷயம்தான் எனக்கு உறுத்துது. முதல் நாள்ல அவர் வண்டியில ஏறவே ஏறாதே. நீயே போ, நீயே திரும்பு. வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டு ஒரு தோழிக்கு அனுப்பிட்டுக் கிளம்பு.

ஆத்தூர்_அரசு:
அக்கா, ஒரு பொண்ணு என்கிட்ட ஆபீஸ் ஐடி கார்டு, ஆதார் ரெண்டையும் கேட்டா. கொடுத்தேன். அவ சொன்ன பேர் நிஜமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சம்பளச் சீட்டைப் பார்த்துட்டு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கிற வழக்கம் பிடிக்காமதானே இந்தப் பக்கம் வந்தோம்? இங்கேயும் விசாரணைதானா?

செங்காந்தள்:
ஆதார் கேட்டது தப்புதான் தம்பி. அதை யாரும் கேக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஆனா அஞ்சு நிமிஷ வீடியோ கால் விசாரணை ஆகாது.

மழைமேகம்:
அந்த அஞ்சு நிமிஷத்தை நான் விட்டுட்டேன். கப்பல்ல இன்ஜினியர்னு சொன்னவரோட அஞ்சு மாசம் பேசினேன். வீடியோ கால்னா நடுக்கடல்ல நெட் இல்லம்பார். அப்புறம் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கேன்னார். அது கஸ்டம்ஸ்ல நிக்குது, வரி கட்டணும்னு ஒரு பொண்ணு போன் பண்ணினா. 85,000 ரூபாய் கட்டினேன். வெட்கத்துல ஒன்பது நாள் வீட்ல வாயே திறக்கல. அன்னைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டிருந்தா, பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அரசு, உங்க கோபம் புரியுது. ஆனா கேள்வி கேட்டாலே கோவிச்சுக்கிறவரைப் பார்த்தா எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வருது.

நீதிமன்ற_வாசல்:
'ஏமாத்தினா சட்டம் இருக்கு'ன்னு தைரியமா இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 69-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கு. நிறைவேத்துற எண்ணமே இல்லாம கல்யாண வாக்குக் கொடுத்து உறவு வச்சுக்கிட்டா 10 வருஷம் வரை சிறை. ஆனா அந்த எண்ணம் ஆரம்பத்துலயே இல்லைன்னு நிரூபிக்கணும். பழகி, மனசு மாறிப் பிரிஞ்சா அது குற்றமாகாது. அதனால கல்யாணம் வேணும்னா அதை முதல்லயே வாய்விட்டுச் சொல்லிடுங்க.

ஆத்தூர்_அரசு:
மழைமேகம், உங்களுக்கு நடந்தது கொடுமை. நான் கேக்கிறது இவ்வளவுதான்: அடுத்தவர் விவரத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்க விவரத்தைச் சொல்லுங்க.

செங்காந்தள்:
இதை நான் ஏத்துக்க மாட்டேன். ஒரு பொண்ணோட பேரும் ஆபீசும் தப்பான ஆள் கையில கிடைச்சா, மறுநாள் அவன் ஆபீஸ் வாசல்ல நிப்பான். உனக்கு அந்தப் பயம் இருக்கா? ரெண்டு பேருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்ல தம்பி.

ஆத்தூர்_அரசு:
பயம் இல்லதான். ஆனா பொய்ப் பேரோட ரெண்டரை மாசம் பேசிட்டு நம்பிக்கையைப் பத்திப் பேசினா மனசு ஒப்பல.

வைகைக்கரை:
அரசு அண்ணா, அது எனக்குத் தைச்சுது. ஆப்ல இருக்கிறது என் நிஜப் பேர் இல்ல, போட்டோலயும் பாதி முகம்தான். நேத்து ராத்திரி நானே வீடியோ கால் போட்டேன். எடுத்தார். ரெண்டு பேரும் முழுப் பேரைச் சொல்லிக்கிட்டோம். ஆபீஸ் பேரை நான் சொல்லல, அவர்கிட்டயும் கேக்கல. ஈசிஆர் வேண்டாம்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னார். ஞாயிறு காலை 11 மணி, எழும்பூர் மியூசியம். நான் மெட்ரோல போறேன். அக்கா, லைவ் லொக்கேஷனை ரூம்மேட்டுக்கு அனுப்பிடுவேன்.